காஞ்சோண்டியைக் கொல்ல முன்...

உங்கள் வீட்டு வளவின் பின்மூலைக்கு நீங்கள் கடைசியாகப் போய் எத்தனை நாளாகிறது? பலா மரத்தின் நிழல் விழுந்து, வெயில் எட்டாமல், ஈரமும் சருகுமாகக் கிடக்கும் அந்தப் பக்கத்தைத்தான் கேட்கிறேன். உடுப்புக் காயப்போட நாம் அங்கே போவதில்லை. மிளகாயோ கத்தரியோ நட்டாலும் அங்கே வராது. தேங்காய் மட்டையும் உடைந்த வாளியும்தான் அங்கே போய்ச் சேரும். ஆனால், பிள்ளைகளின் பந்து மட்டும் எப்படியோ தவறாமல் அங்கேதான் போய் விழும்!

சென்ற பாடசாலை விடுமுறையில் மாவனல்லைப் பக்கமுள்ள என் ராத்தாவின் வீட்டில் நடந்ததும் அதுதான். ராத்தாவின் கடைசி மகனுக்கு ஏழு வயது. பந்தை எடுக்கப் போனவன், இரண்டு கைகளையும் உதறிக்கொண்டு அலறியபடி ஓடி வந்தான். முழங்கையிலிருந்து விரல் வரை சிவந்து, கொசு கடித்தாற்போல் தடிப்புத் தடிப்பாக எழும்பியிருந்தது. பாம்போ, பூரானோ என்று நாங்கள் பதறிப் போனோம். என் உம்மாதான் முதலில் கண்டுபிடித்தார். "காஞ்சோண்டி பட்டிரிக்குது. தேய்க்க உடாதீங்க!" என்றார்.

பிள்ளையின் அழுகை அடங்க முன்னரே மச்சான் எழுந்துவிட்டார். புல்லுக்கு அடிக்கும் எண்ணெய் அரைப் போத்தல் வீட்டில் இருந்தது. "இன்டைக்கே அந்தப் பக்கம் முழுக்க அடிச்சு மொட்டையாக்கிப் போடுறன்" என்று அவர் தாங்கியைத் தோளில் மாட்டப் போனபோது, உம்மா சொன்ன வார்த்தைதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

"அது அதுட பாட்டில இரிக்குது மகன். புள்ளதான் அதுகிட்டப் போனது. கொல்ல முந்தி, புள்ளக்கி அதக் காட்டிக் குடுங்க."

எண்பது வயதைத் தாண்டிய ஒரு தாயின் பேச்சு இது. ஆனால் பிள்ளையின் கை வீங்கியிருக்கும்போது அதை ஏற்றுக்கொள்ள யாருக்குத்தான் மனம் வரும்? உண்மையைச் சொன்னால், அன்று நானும் மச்சானின் பக்கம்தான் நின்றேன். பிறகு இந்தச் செடியைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான், உம்மாவின் பேச்சில் எவ்வளவு நியாயம் இருந்தது என்று விளங்கியது.

யார் இந்தக் காஞ்சோண்டி?

காஞ்சோண்டி எங்கிருந்தோ வந்து குடியேறிய களை அல்ல. நம் நாட்டிற்கே உரிய செடி. காட்டோரங்களிலும் பற்றைகளிலும் வேலிகளிலும் இயல்பாக வளர்வது. தமிழகத்தில் இதனைக் காஞ்சொறி என்றும் செந்தட்டி என்றும் அழைப்பர். சிங்களச் சகோதரிகளிடம் கேட்டால் 'கஹம்பிலியா' என்பார்கள். ஆனால் இந்தப் பெயர்களுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்தறிவது அவசியம்.

முதலாவது, கொடிக் காஞ்சோண்டி. 'ட்ரேஜியா' என்பது இதன் தாவரவியற் பெயர். ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. மெல்லிய தண்டு, வேலிக் கம்பியையோ பக்கத்துச் செடியையோ சுற்றிக்கொண்டு ஏறும். இலை நீண்டு, நுனி கூர்ந்து, ஓரம் வாளின் பல்லைப் போல் இருக்கும். காய் ஆமணக்குக் காயைப் போலவே மூன்று பிரிவாக, ஆனால் மிகச் சிறியதாக, மயிர் மூடியிருக்கும். ராத்தாவின் மகனைப் பதம் பார்த்தது இதுதான்.

இரண்டாவது, நிலத்தில் நிமிர்ந்து வளரும் சிறு செடி. ஈரமான நிழலிலும் சுவரோரத்திலும் முளைக்கும். 'லபோர்ட்டியா' என்ற இனத்தைச் சேர்ந்தது. நமது பெண்கள் அதிகம் ஏமாறுவது இதனிடம்தான். ஏனெனில், தூரத்திலிருந்து பார்த்தால் இது குப்பைமேனியைப் போலத் தெரியும். மருந்துக்குக் குப்பைமேனி பறிக்கப் போகும் சகோதரிகள் கை வைக்க முன், தண்டில் நீளமான வெண்மயிர்கள் இருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள்.

மூன்றாவது, மலைநாட்டில் ஓடைக்கரைகளிலும் காட்டோரங்களிலும் ஆளுயரம் வளரும் பெரிய காஞ்சோண்டி. விரித்த கையைப் போல் பிளந்த அகன்ற இலைகளை உடையது. 'ஜிரார்டினியா' என்பர்.

நான்காவது, ஈரவலயக் காடுகளின் நிழலில் சிறுமரமாக வளரும் 'மாவுஸ்ஸா'. பெரிய இலைகளை உடைய இதனிடம் மிகுந்த கவனம் வேண்டும். இது பட்டால் வேதனை மணிக்கணக்கில் நின்றுவிடாது, நாட்கணக்கில் நீடிக்கும். இக்கட்டுரையில் காஞ்சோண்டிக்கு இடம் கொடுங்கள் என்று நான் சொல்லப்போவது இதற்குப் பொருந்தாது. இதன் இடம் காடு. வீட்டு வளவு அல்ல.

தொட்டால் ஏன் சுடுகிறது?

ஒரு செடி எப்படிக் கடிக்க முடியும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் விஞ்ஞானி றொபர்ட் ஹூக். 1665ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில், காஞ்சோண்டி வகைச் செடியொன்றின் மயிரைப் பூதக்கண்ணாடியினூடாகப் பார்த்து வரைந்து காட்டினார். அந்த மயிர் தம் தோலிலேயே குத்துவதையும் பார்த்து எழுதினார் என்றால், அவரது பொறுமையை என்னவென்பது!

லபோர்ட்டியா, ஜிரார்டினியா போன்றவற்றின் ஒவ்வொரு சொறிமயிரும் ஓர் ஊசி மருந்துக் குழாயைப் போன்றது. அதன் நுனி கண்ணாடியின் மூலப்பொருளான சிலிக்காவினால் ஆனது. நம் தோல் உரசியதும் நுனி முறிந்துவிடும். முறிந்த இடம் ஊசிமுனையாகித் தோலுக்குள் இறங்க, அடியிலுள்ள பையிலிருந்து திரவம் உள்ளே பாயும். ஐரோப்பியக் காஞ்சோண்டியின் திரவத்தில் ஹிஸ்டமின், அசெட்டில்கோலின் ஆகிய இரு பொருட்கள் இருப்பதை எமெலின், ஃபெல்ட்பேர்க் என்ற இரு ஆய்வாளர்கள் 1947இல் எடுத்துக்காட்டினர். ஹிஸ்டமின் வேறெதுவுமல்ல, ஒவ்வாமை ஏற்படும்போது நம் உடலே சுரக்கும் பொருள்தான். அதனால்தான் தடிப்பும் அரிப்பும் உண்டாகின்றன.

கொடிக் காஞ்சோண்டியின் ஆயுதம் சற்று வேறு. அதன் மயிருக்குள் கல்சியம் ஒட்சலேட் என்ற உப்பாலான கூரிய பளிங்கு ஒன்று இருக்கிறது. தொட்டதும் அது வெளியே நீண்டு தோலைத் துளைக்க, அந்தத் துளை வழியாகத் திரவம் இறங்குகிறது. தேய்க்க வேண்டாம் என்று உம்மா கத்தியதன் காரணம் இப்போது புரிகிறதல்லவா? தேய்க்கத் தேய்க்க, தோலின் மேல் ஒட்டியிருக்கும் மயிர்களும் முறிந்து உள்ளே இறங்கும்.

பட்டுவிட்டால் என்ன செய்வது?

எங்கள் வீட்டில் அன்று சாம்பலைத் தேய்க்க ஒருவர், சுண்ணாம்பைப் பூச ஒருவர் என்று ஓடினார்கள். இரண்டும் வேண்டாம். சுண்ணாம்பு பிள்ளையின் மென்மையான தோலைப் புண்ணாக்கிவிடும். பின்வருமாறு செய்யுங்கள்.

முதலில், பிள்ளை சொறியாதவாறு கைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதே கையால் கண்ணைத் தொட விடாதீர்கள். பிறகு ஒட்டும் செலோடேப் துண்டொன்றைப் பட்ட இடத்தில் மெதுவாக ஒட்டி, மேலே இழுத்து எடுங்கள். புதுத் துண்டுகளால் இப்படி மூன்று நான்கு முறை செய்தால், தோலில் ஒட்டியிருக்கும் மயிர்கள் டேப்புடன் வந்துவிடும். அதன் பின் ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுக் கழுவி, துணியால் துடைக்காமல் உலர விடுங்கள். குளிர்ந்த நீரில் நனைத்த துணியை மேலே போட்டு வைத்தால் எரிவு தணியும். கலமைன் லோஷன் இருந்தால் பூசலாம். உடுத்திருந்த உடுப்பையும் மாற்றித் தனியாகக் கழுவுங்கள். மயிர் அதிலும் ஒட்டியிருக்கும்.

பெரும்பாலும் சில மணி நேரத்தில் வேதனை அடங்கிவிடும். ஆனால் உதடு, முகம் வீங்கினாலோ, மூச்சு விடச் சிரமப்பட்டாலோ, வாந்தியோ மயக்கமோ வந்தாலோ ஒரு கணமும் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். கண்ணில் பட்டிருந்தால் நிறைய நீரால் கழுவிவிட்டு வைத்தியரிடம் காட்டுவதே பாதுகாப்பு.

சுடும் இலைக்கும் பசித்த விருந்தாளிகள்

இத்தனை தொல்லை தரும் செடியை ஏன் விட்டுவைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

செம்பழுப்பு நிறச் சிறகில் கறுப்பு அலைக்கோடுகள் ஓடும் ஒரு வண்ணத்துப்பூச்சியை நீங்கள் வளவில் கண்டிருக்கலாம். அதன் புழுக்கள் ஆமணக்கு இலையைத் தின்பதால், ஆங்கிலத்தில் ஆமணக்கின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரில் இரண்டு இனங்கள் நம் நாட்டில் உள்ளன. ஆமணக்கு இல்லாத இடத்தில் அவற்றின் புழுக்களுக்கு உணவாவது, அதே குடும்பத்தைச் சேர்ந்த கொடிக் காஞ்சோண்டிதான். 'ஜோக்கர்' என்று அழைக்கப்படும் மற்றோர் அழகிய வண்ணத்துப்பூச்சியின் புழுவும் இந்தக் கொடி இனத்தையே நம்பி வாழ்கிறது. மலைநாட்டில் சிவப்பும் கறுப்புமாகப் பறக்கும் 'அட்மிரல்' வண்ணத்துப்பூச்சியோ ஜிரார்டினியா போன்ற காஞ்சோண்டிகளில் முட்டையிடுகிறது.

வண்ணத்துப்பூச்சி பல பூக்களில் தேன் குடிக்கும். ஆனால் அதன் புழு கண்ட இலையையெல்லாம் தின்னாது. உரிய செடி இல்லாவிட்டால் பட்டினி கிடந்து செத்துப்போகும். முற்றத்தில் எத்தனை ரோசாச் செடி வைத்தாலும், பின்மூலைக் காஞ்சோண்டியை அழித்துவிட்டால் அந்த இனம் அந்த வளவில் பெருகாது.

இதனை உணர்ந்துதான் இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டக்காரர் பலர், 'மயிற்கண்' வண்ணத்துப்பூச்சிக்காகத் தோட்டத்தின் ஒரு மூலையில் காஞ்சோண்டியை வேண்டுமென்றே வளர விடுகின்றனர். வட அமெரிக்காவிலும் மரநிழலில் ஈர மண்ணில் வளரும் 'காட்டுக் காஞ்சோண்டி' ஒன்று உண்டு. வேறெதுவும் செழிக்காத நிழல் இடங்களில் நிலத்தைப் பசுமையாக மூடுவதால், பாதையிலிருந்து தள்ளி அதற்கு இடம் கொடுப்போர் அங்கே இருக்கிறார்கள்.

மனிதருக்கும் இது உதவாமலில்லை. நேபாளத்து மலைக்கிராமப் பெண்கள், நம் மலைநாட்டில் வளரும் அதே ஜிரார்டினியாவின் தண்டை உரித்து, சாம்பல் கலந்த நீரில் அவித்து, நாரெடுத்து, நூல் நூற்றுத் துணி நெய்கிறார்கள். 'அல்லோ' என்பது அங்கே அதன் பெயர். கேரளத்தில் கர்க்கடக மாதத்தில் பத்து வகை இலைகளைச் சேர்த்துச் சமைக்கும் கறியில் காஞ்சோண்டி இனத்து இலையும் இடம்பெறுவதுண்டு. நன்றாக வெந்துவிட்டால் சொறிமயிர் வலுவிழந்துவிடும். ஆயுள்வேத, சித்த வைத்தியர்கள் கொடிக் காஞ்சோண்டியின் வேரை மருந்தில் சேர்க்கின்றனர். இதனைப் படித்துவிட்டு யாரும் சட்டியை அடுப்பில் வைத்துவிட வேண்டாம்! செடியைத் திட்டமாக அறிந்தவர் இல்லாமல் சமைப்பதும் கைமருந்து செய்வதும் ஆபத்து.

எண்ணெய் அடித்தால் என்ன ஆகும்?

ராத்தாவின் வீட்டுக் கிணறு அந்தப் பலா மரத்திலிருந்து இருபது அடி தூரத்தில்தான் இருக்கிறது. வளவோ சரிவு. பின்மூலையில் அடித்த நஞ்சு அடுத்த மழைக்கு எங்கே போகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அந்தக் கிணற்றில்தான் சோறாக்க நீர் அள்ளுகிறோம், குழந்தைகளைக் குளிப்பாட்டுகிறோம். சில மணி நேரம் எரியும் கைக்காக, நாள்தோறும் குடிக்கும் தண்ணீரைப் பணயம் வைப்பது புத்தியாகுமா?

அது மட்டுமல்ல. அந்த நஞ்சு காஞ்சோண்டியை மட்டும் தேடிப் பிடித்துக் கொல்லாது. பக்கத்திலுள்ள வல்லாரையும் பன்னமும் கருகிவிடும். மூடியிருந்த பசுமை போனால் சரிவான நிலத்தில் மேல்மண்ணை மழை அரித்துச் சென்றுவிடும். கண்டி, கேகாலைப் பகுதிகளின் வீட்டுத் தோட்டங்கள், உயரத்தில் தென்னையும் பலாவும், நடுவில் பாக்கும் மிளகும் கோப்பியும், தரையில் இஞ்சியும் கீரையும் என்று அடுக்கடுக்காய் அமைந்தவை. தரையடுக்கை மொட்டையாக்கினால் அந்த மண் எப்படி நிற்கும்?

எங்கே விடலாம்? எங்கே விடக்கூடாது?

காஞ்சோண்டியை எல்லா இடத்திலும் வளர விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நடைபாதை, கிணற்றடி, கழிவறைப் பக்கம், உடுப்புக் காயப்போடும் கொடி, பிள்ளைகள் விளையாடும் இடம் ஆகியவற்றுக்கு அருகில் கண்டால் தயங்காது பிடுங்குங்கள். தவழும் குழந்தை இருக்கும் வீடாயின், குழந்தை விளங்கிக்கொள்ளும் வயது வரும்வரை வளவில் எங்கும் விடாதிருப்பதே நல்லது.

பிடுங்குவதற்கு மழை பெய்து மண் இளகிய நேரமே ஏற்றது. நீளக் கைச் சட்டையும் தடித்த இறப்பர்க் கையுறையும் அணிந்து, மண்ணோடு ஒட்டிய அடித்தண்டைப் பிடித்து வேரோடு இழுங்கள். கையுறை இல்லாவிட்டால் தடித்த பொலித்தீன் பைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகக் கையில் மாட்டிக்கொள்ளலாம். காய் முற்ற முன்னரே பிடுங்கிவிட்டால் விதை பரவாது. பிடுங்கியதை ஒரு குழியில் புதைத்துவிடுங்கள். காய்ந்த செடியின் மயிரும் குத்தும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

மிச்சம் வைப்பதாயின், யாரும் நடமாடாத நிழல் மூலையில், ஒரு பாய் விரிக்கும் அளவு இடம் போதும். சுற்றிலும் கல் அடுக்குங்கள். கல்லுக்கு வெளியே இஞ்சி, மஞ்சள், ரம்பை போன்ற நிழலில் வரக்கூடியவற்றை நெருக்கமாக நட்டால், அது ஒரு வேலியாகவும் இருக்கும், கறிக்கும் உதவும். கொடி கல்லைத் தாண்டினால் மாதம் ஒரு முறை வெட்டி விடுங்கள். அயலவரின் வேலியில் அது ஏற ஒருபோதும் இடமளிக்காதீர்கள். நம் வீட்டு வண்ணத்துப்பூச்சிக்காக அடுத்த வீட்டுப் பிள்ளை அழக்கூடாது அல்லவா?

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைகளை அழைத்துச் சென்று கல்லுக்கு வெளியே நிறுத்தி, செடியைக் காட்டுங்கள். இலையின் பல்லை, தண்டின் மயிரை, சுற்றி ஏறும் விதத்தைத் தூர நின்று பார்க்கச் சொல்லுங்கள். நம் வளவில் உள்ள காஞ்சோண்டியை ஒரே நாளில் அழித்துவிடலாம். ஆனால் பாடசாலைக்குப் போகும் வழியிலும், ஆற்றங்கரையிலும், சுற்றுலா போகும் காட்டோரத்திலும் உள்ளதை யார் அழிப்பது? அங்கெல்லாம் நம் பிள்ளைக்குத் துணை வருவது, வீட்டில் நாம் காட்டிக்கொடுத்த அறிவு மட்டும்தான்.

அன்று மச்சான் எண்ணெய் அடிக்கவில்லை. உம்மாவின் பேச்சைத் தட்ட மனமில்லாமல் தாங்கியை இறக்கி வைத்துவிட்டார். அடுத்த வாரம் பாதையோரத்தில் இருந்ததையெல்லாம் பிடுங்கி, பின்மூலையில் இருந்ததைச் சுற்றி மட்டும் கல் வைத்தார். இரண்டு மாதம் கழித்து நான் போனபோது, மருமகன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அங்கே போனான். கல்லுக்கு வெளியே என்னை நிறுத்தி, "இதுக்கு அங்கால வராதீங்க சாச்சி, சுடும்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, ஓர் இலையின் அடியைக் காட்டினான். முள்முள்ளான சின்னஞ்சிறு புழுவொன்று, அவனை அழ வைத்த அதே இலையை ஆறுதலாகத் தின்றுகொண்டிருந்தது.

சகோதரிகளே, நாளைக் காலை கொஞ்சம் நேரம் ஒதுக்கி, உங்கள் வளவின் பின்மூலைக்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள். போகும்போது பிள்ளையையும் கூட்டிச் செல்லுங்கள்.